நரம்பு மண்டலம் அற்றவராகக் கருதப்படுவார்

1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, கருணாகரனுக்கு நரம்பு மண்டலம் இல்லை என்று காஜா பெராங் சாலையிலிருந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முறைப்படி முடிவு செய்தது. முடிவின் நகல் ஒன்று அவனிடம் எழுத்து வடிவில் தரப்பட்டது. அதை வாங்கிய கை நடுங்கியது. நடுக்கத்தைக் குறிப்பதற்குப் படிவத்தில் இடம் இல்லாததால் அது குறிக்கப்படவில்லை.

கருணாகரன் செமாபோக்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிக ஆசிரியன். அந்த ஆகஸ்டில் நாடு சுதந்திரம் பெற்ற மூன்றாம் வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆணை ஒன்று, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் உயிரியல் முதற்பகுதியில் தேறாத தற்காலிக ஆசிரியர் எவரும் ஜனவரியில் வகுப்பறைக்குள் நுழையலாகாது என்றது. ஆசிரியனாவதற்கு முன் அவன் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் எழுத்து வேலை பார்த்தவன். அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது, கொட்டகையும் இல்லை. ஆகவே அவனுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. இதை அவன் ஒரு நாளில் பலமுறை நினைத்துக்கொள்வான்.

பாடத்திட்டம் மூன்று பகுதிகள் கொண்டது: சூழலியல், விலங்கு நடத்தை, நரம்பு மண்டலம்.

முதலிரண்டு பகுதிகளில் அவன் தேறியிருந்தான். சூழலியல் செய்முறைக்காகக் கல்லூரியின் தேர்வுக்குழு மூவரும் பன்னிரண்டு மாணவர்களும் லாரி ஒன்றில் உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போனார்கள். சேற்றில் ஒரு கெஜச் சதுரம் கயிற்றால் கட்டப்பட்டது. அதற்குள் இருக்கும் நண்டுகளை எண்ண வேண்டும். குழு சப்பாத்துக் காலுடன் சதுரத்தைச் சுற்றி நின்றது. நண்டுகள் வளைக்குள் போயின. ஒரு மணி நேரம் கழித்து, உஜோங் பாசிரில் நண்டுகள் இல்லை என்று எண்ணி முடிக்கப்பட்டது. பின்னால் ஒரு கிழவி கூடை நிறைய நண்டுகளுடன் போய்க்கொண்டிருந்தாள். அவள் சதுரத்துக்கு வெளியே இருந்தாள். கருணாகரன் ‘பூஜ்யம்’ என்று எழுதித் தேறினான்.

விலங்கு நடத்தைக்குக் காகங்கள். குழுவின் லாரி மரத்தடியில் வந்து நின்று மும்முறை ஒலிப்பான் அடித்ததும் காகங்கள் பறந்துபோயின. ‘காகம் கூட்டமாக வாழாத பறவை, எப்போதும் வேறிடம் செல்லும் இயல்புடையது’ என்று எழுதியவர்கள் தேறினார்கள். கருணாகரனும் எழுதினான். எழுதும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் செமாபோக் வகுப்பறையில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை விட்டு எங்கே போவது என்ற கேள்வி வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நரம்பு மண்டலத்துக்குத் தவளை வேண்டும் என்றது பாடநூல். ஆனால் தவளைகளைப் பெற மூன்று படிவங்களும் இரண்டு கையொப்பங்களும் தேவை. மாணவர்களைப் பெறப் படிவம் எதுவும் தேவையில்லை. அவர்கள் ஏற்கனவே கட்டடத்துக்குள் இருந்தார்கள். ஆகவே விதி பதினான்கு உருவாயிற்று. அதன்படி, மாணவரின் நாடித்துடிப்பு முதலில் இயல்புநிலையில் எண்ணப்படும். பிறகு அவர் எதிர்பாராத வகையில் அச்சுறுத்தப்படுவார். நாடி மீண்டும் எண்ணப்படும். இரண்டுக்கும் இடையே குறைந்தது பத்துத் துடிப்பு வேறுபாடு இருந்தால் நரம்பு மண்டலம் உண்டு. வேறுபாடு பூஜ்யமானால் மாணவர் நரம்பு மண்டலம் அற்றவராகக் கருதப்படுவார்.

எதிர்பாராத அச்சுறுத்தலுக்கு மூன்று நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும் என்பது உபவிதி. கருணாகரனுக்கும் அறிவிப்பு வந்தது: ‘தங்களுக்குரிய எதிர்பாராத அச்சம் 18.11.1957 திங்கள் காலை 11.00 மணிக்கு மூன்றாம் எண் அறையில் நிகழும். பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து காத்திருக்கவும்.’ பெற்றுக்கொண்டதற்கு அவன் கையெழுத்திட்டான்.

அன்று மூன்றாம் எண் அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் குழு அமர்ந்திருந்தது. நடுவில் முதல்வர் தம்பிராஜா. பழைய வெள்ளைக்கார முதல்வர் தம் நாட்டுக்குக் கப்பலேறியபின் அவருடைய நாற்காலியையும், அதைவிட உறுதியாக அவருடைய விதிப்புத்தகத்தையும் பெற்றவர். வலப்புறம் பதிவாளர் கலியாணசுந்தரம். இடப்புறம் உயிரியல் விரிவுரையாளர் செல்வி சீதா. அந்த அறையில் உயிரியல் படித்தவர் அவர் ஒருவரே. பணி உறுதி செய்யப்படாதவரும் அவர் ஒருவரே.

ஆய்வுக்கூடப் பணியாளர் காதர் மைதீன் கையில் ஒரு வெண்கலத் தாம்பாளத்துடன் மூலையில் நின்றார். அவருடைய சட்டைப்பையில் ‘அச்சமூட்டுநர் (தற்காலிகப் பொறுப்பு)’ என்ற அட்டை குத்தப்பட்டிருந்தது.

“நேராக நில்லும்” என்றார் முதல்வர். “கைகளைப் பக்கவாட்டில் வையும். இந்தத் தேர்வில்தான் உம்முடைய வேலை இருக்கிறது என்பது உமக்குத் தெரியும் அல்லவா?”

“தெரியும், ஐயா.”

“நல்லது. இப்போது இயல்புநிலையை எண்ணலாம்.”

காதர் மைதீன் தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தார். நூற்று இருபத்தாறு.

“நூற்று இருபத்தாறு” என்று பதிவாளர் எழுதினார். செல்வி சீதா ஒரு கணம் நிமிர்ந்தார். பாடநூலில் எழுபத்திரண்டு என்று இருப்பதை அவர் அறிவார். முதல்வர் அவரைப் பார்த்தார், அவர் குனிந்துகொண்டார்.

“தம்பி, மன்னிச்சுக்குங்க” என்று காதர் மைதீன் காதோடு சொன்னார். “இப்ப போடப்போறேன்.”

தாம்பாளம் நான்கடி உயரத்திலிருந்து விழுந்தது. நாடி மீண்டும் எண்ணப்பட்டது. நூற்று இருபத்தாறு.

அவ்வளவுதான் நடந்தது. பிறகு முடிவு எழுத்தில் தரப்பட்டது.

அடுத்து வந்த பதினொரு பேரும் கருணாகரனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தி கற்றுக்கொண்டார்கள். தாம்பாளம் விழுந்ததும் அலறினார்கள். அலறல் ஒன்றுக்கு இருபது துடிப்பு என்று குழு அங்கேயே ஒரு திருத்தம் நிறைவேற்றி அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்தது. திருத்தத்துக்கு முன் தேர்வெழுதியவருக்கு அது பொருந்தாது.

கருணாகரனின் தங்கை சந்திரமதி மருத்துவமனையில் தாதி. அவள் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துத் தானே நாடி பார்த்தாள்.

“எழுபது. உனக்கு ஒண்ணுமில்ல அண்ணே. அங்க போனதும் ஏன் அப்படி ஓடுது?”

“அவங்க முன்னாடி நின்னா...”

“பயமா?”

“பயம்தான். ஆனா அவங்க கணக்குல அது பயம் இல்ல. அதுதான் இயல்புநிலை.”

“அவங்களையெல்லாம் கைலியோட, மேல சட்டையில்லாம நினைச்சுக்க. பயம் போயிரும்.”

அவன் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். கைலி கட்டிய முதல்வர், சட்டையில்லாத மார்பில் விதிப்புத்தகத்தை அணைத்தபடி அவனை நோக்கி நடந்து வந்தார். சந்திரமதியின் விரலுக்கடியில் நாடி நூற்றுப்பத்தைத் தொட்டது.

“வேணாம், வேணாம். திறந்துரு கண்ண” என்றாள் அவள்.

மேல்முறையீடு டிசம்பர் இரண்டாம் தேதி விசாரிக்கப்பட்டது. தாதி கையெழுத்திட்ட சீட்டை அவன் மேசைமேல் வைத்தான். முதல்வர் அதை விரலால் தொடாமல் படித்தார்.

“எழுபது. எங்கே எடுத்தது?”

“வீட்டில், ஐயா.”

“யார் முன்னிலையில்?”

“யாரும் இல்லை, ஐயா.”

“அப்படியானால் அது நாடியே அல்ல” என்றார் முதல்வர். அவர் எழுந்து நின்றார். நீண்ட பேச்சுக்கு மட்டுமே அவர் எழுவது வழக்கம். “கருணாகரன், நீர் இளைஞர். ஆகவே விளக்குகிறேன். வீட்டில் ஒரு மனிதன் எப்படி இருக்கிறான் என்பது அறிவியலுக்கு வேண்டாத செய்தி. கவனிக்கப்படும்போது இருப்பதே உண்மை. நாங்கள் கவனித்தபோது உஜோங் பாசிரில் நண்டு இல்லை, ஆகவே இல்லை. நாங்கள் கவனிக்கும்போது உமது நாடி நூற்று இருபத்தாறு. ஆகவே அதுவே உமது இயல்புநிலை. வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் மாணவர்கள் கல்லூரிக்கு அஞ்சினார்கள். இப்போது சுதந்திரம் வந்துவிட்டது. இனி எவரும் அஞ்சுவதில்லை என்று நான் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உம்மைப் பாரும்! தாம்பாளம் விழுகிறது, உமக்குக் கவலையே இல்லை. இப்படி அச்சமற்ற ஒருவரைக் குழந்தைகள் முன் எப்படி நிறுத்துவது?”

கருணாகரன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“கருணை அடிப்படையில் மறுதேர்வு” என்றார் பதிவாளர். “தாம்பாளத்தைவிட வலிய தூண்டல் தேவை. ஒரு யோசனை. பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அதை உரக்கப் படிக்கலாம்.”

“நல்ல யோசனை” என்றார் முதல்வர்.

இயல்புநிலை நூற்று இருபத்தெட்டு. பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ‘தங்கள் சேவை இனித் தேவைப்படாமையால், பள்ளிச் சாவிகளையும் வருகைப் பதிவேட்டையும்...’ என்ற இடத்தில் கருணாகரனுக்கு மேசை தூரமாயிற்று. காதுக்குள் கடல் இரைந்தது. காதர் மைதீன் தாம்பாளத்தை எறிந்துவிட்டு அவனைத் தாங்கிப் பிடித்துத் தரையில் கிடத்தினார். கிடத்திய பிறகும், விதிப்படி, நாடியை எண்ணினார்.

“ஐம்பத்து நாலு, ஐயா.”

“ஏறவில்லையா?”

“எறங்கிருச்சு, ஐயா.”

பதிவாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழித்தல் குறி போடுவதற்கு அதில் இடம் இல்லை.

செல்வி சீதா பேசினார். அந்தக் கல்லூரியில் அவர் தாமாகப் பேசியது அதுவே முதல்முறை. “கடுமையான அச்சத்தில் இப்படி ஆவதுண்டு, ஐயா. பத்தாவது மூளைநரம்பு இதயத்தை...”

“நரம்பு இல்லாதவருக்குப் பத்தாவது நரம்பு எங்கிருந்து வரும், செல்வி சீதா?” என்றார் முதல்வர்.

அவர் பேனாவை மூடினார். மூடியபின்னும் பேனா மேசைமேல் சிறிதாகத் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் மற்ற கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வேறுபாடு பூஜ்யத்திலும் குறைவு என்று தீர்மானிக்கப்பட்டது. இதன் பொருள் என்னவென்று குழுவுக்குத் தெரியவில்லை. ஆனால் பூஜ்யத்தைவிட மோசம் என்பதில் ஒருமித்த கருத்து இருந்தது. மாணவர் இரண்டு முறை தோற்றிருப்பதால் மூன்றாவதும் இறுதியுமான தேர்வு டிசம்பர் முப்பது அன்று நடக்கும். மறுநாள் காலக்கெடு.

அந்த நான்கு வாரங்களில் கருணாகரன் மெலிந்தான். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை. நரம்பு மண்டலம் இல்லாதவனுக்கு இப்படியெல்லாம் ஆகுமா என்று அவனுக்கே ஒருமுறை ஐயம் வந்தது. கல்லூரி எழுத்தில் கொடுத்திருந்ததால், தன் உடலைவிட அந்தக் கடிதத்தையே அவன் அதிகம் நம்பத் தொடங்கியிருந்தான்.

டிசம்பர் முப்பது. மூன்றாம் எண் அறை. நூற்று முப்பது. காதர் மைதீன் தாம்பாளத்தை உயர்த்தியபோது, அலுவலக எழுத்தர் கதவருகே வந்து, கோலாலம்பூரிலிருந்து முதல்வருக்குத் தொலைபேசி என்றார். கல்லூரியின் ஒரே தொலைபேசி கீழ்த்தளத்தில் இருந்தது.

முதல்வர் எழுந்தார். எழுந்தபின் ஒரு சிக்கல் எழுந்தது. தலைவர் இல்லாத குழு குழு ஆகாது. குழு அல்லாதவர் தேர்வறையில் இருத்தல் கூடாது. பதிவாளர் விதியைக் கண்டெடுத்துக் காட்டினார். மூவரும் வரிசையாக வெளியேறினார்கள். காலடிகள் மாடிப்படியில் இறங்கி ஓய்ந்தன.

காதர் மைதீன் மணிக்கட்டை விடவில்லை. விடச் சொல்லி எவரும் உத்தரவிடவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பதிய வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. எண்ணிப் பதிந்தார்.

“ஒக்காருங்க தம்பி.”

“உட்காரலாமா, காதர் நானா?”

“ஒக்காரக்கூடாதுன்னு ஒண்ணும் எழுதல. நான் படிச்சுப் பார்த்தேன்.” அவரும் முதல்வரின் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். “இந்த அச்சமூட்டுநர் வேலை எனக்கு ஒத்துவரல, தம்பி. வீட்ல பயிற்சி எடுன்னாங்க. பின்கட்டுல போயி நாள் தவறாம ரெண்டு கத்து கத்துனேன். எங்கூட்டு பீவி, ‘கோழி மூணு வாரமா முட்டையிடல, நான் ஒன்னக் கட்டிக்கிட்டதுக்கு அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு’ங்குறா.”

கருணாகரனுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வாரங்களில் முதல் சிரிப்பு.

“பயந்துச்சா கோழி?”

“கோழி பயந்துச்சு. பூனை பயந்துச்சு. பக்கத்து வீட்டுச் சீன பாபா வந்து யாரு செத்தான்னு கேட்டாரு. பயப்படாத ஒரே ஆளு பீவிதான்.”

சாளரத்துக்கு வெளியே ஐஸ்காரர் வண்டி போயிற்று. காதர் மைதீன் கடிகாரத்தைப் பார்த்து எண்களை எழுதினார். நூற்றுப் பதினெட்டு. நூற்று இரண்டு. எண்பத்தாறு. எழுபத்தைந்து. எழுபத்து நான்கு. எழுபத்து நான்கு.

பிறகு மாடிப்படியில் சப்பாத்தின் ஒலி. தொண்ணூற்றெட்டு. ஒலி நெருங்கியது. நூற்றுப் பதினாறு. கதவு திறந்தது. கருணாகரன் துள்ளி எழுந்து கைகளைப் பக்கவாட்டில் வைத்தான்.

நூற்று முப்பத்தெட்டு.

“இது என்ன?” என்றார் பதிவாளர், தாளைப் பார்த்து. “எழுபத்து நான்கிலிருந்து நூற்று முப்பத்தெட்டு. வேறுபாடு அறுபத்து நான்கு! இந்தக் கல்லூரியில் இதுவரை எவருக்கும்... தூண்டல் என்ன? தாம்பாளத்தைப் போட்டீரா?”

“இல்லீங்க ஐயா. கக்கத்துலதான் இருக்கு.”

“பிறகு என்ன நடந்தது?”

“கதவு திறந்துச்சு, ஐயா.”

“கதவு தூண்டல் பட்டியலில் இல்லை. தூண்டல் பெயரில்லாமல் படிவம் செல்லாது.” பதிவாளர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி முதல்வரைப் பார்த்தார்.

“கதவு தானாகத் திறக்காது” என்றார் முதல்வர். “எதன்பொருட்டுத் திறந்தது?”

கருணாகரனுக்கு விடை தெரியும். அதைச் சொன்னால் அந்த நொடியே எல்லாம் முடிந்துவிடும் என்றும் தெரியும்.

“நாம் வந்தோம், ஐயா” என்றார் செல்வி சீதா, மேசையைப் பார்த்தபடி. “தூண்டல் நாம்தான்.”

முதல்வர் தாளை வாங்கி, எண்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவிற்று.

“அறுபத்து நான்கு” என்றார். “தாம்பாளம் பூஜ்யம். நான் அறுபத்து நான்கு.” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இப்போது கோலாலம்பூர் என்னிடம் என்ன கேட்டது தெரியுமா? மாணவர்மீது கல்லூரியின் தாக்கத்துக்குச் சான்று உண்டா என்று கேட்டது. இருபத்தொரு ஆண்டுகள் பணிசெய்திருக்கிறேன். என் வருகையின் மதிப்பை எவரும் அளந்து சொன்னதில்லை. இன்று எண்ணாகவே கையில் இருக்கிறது. கருணாகரன், உமக்கு நரம்பு மண்டலம் உண்டு. அது மிகச் சிறந்த நரம்பு மண்டலம்! பதிவாளரே, எழுதும். தூண்டல்: முதல்வர். அடைப்புக்குறிக்குள்: குழுவுடன்.”

பதிவாளர் எழுதினார். சான்றிதழ் அன்று மாலையே முத்திரையிடப்பட்டது. முதல் வகுப்பு. பழைய முடிவு திரும்பப் பெறப்பட்டு, கருணாகரன் நவம்பர் பதினெட்டு முதல் முன்தேதியிட்டு நரம்பு மண்டலம் உடையவராகக் கருதப்பட்டான்.

அவன் படியிறங்கி வெளியே வந்தபோது, காதர் மைதீன் சட்டைப்பையிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இனி தாம்பாளம் வேணாமாம், தம்பி. அவரே போதுமாம்” என்றார். “பீவிகிட்டச் சொல்லணும்.”

ஜனவரி ஆறாம் தேதி பள்ளி திறந்தது. கருணாகரன் நிரந்தர ஆசிரியனாகச் செமாபோக் பள்ளிக்குள் நுழைந்தான். தலைமையாசிரியர் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையாலேயே கல்லூரியின் சுற்றறிக்கையைக் கொடுத்தார். கல்லூரி தன் கண்டுபிடிப்பை நாடெங்கும் நிலைநாட்ட முடிவு செய்திருந்தது. சான்றிதழ் பெற்ற ஒவ்வோர் ஆசிரியரும் வாரந்தோறும் ஒரு மாணவரின் நாடியைத் தாம் வகுப்புக்கு வருமுன்னும் வந்தபின்னும் எண்ணி, வேறுபாட்டை அனுப்ப வேண்டும். வேறுபாடு முப்பதுக்குக் குறையுமாயின் ஆசிரியருக்குத் தாக்கம் இல்லை எனக் கொள்ளப்படும். தாக்கம் இல்லாதவரின் சான்றிதழ் செல்லாது. முதல் அறிக்கை அன்று மாலைக்குள் வேண்டும்.

சுற்றறிக்கையை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அதன் கடைசி வரி. அவன் படித்தான். ஆறாம் வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளும் கேட்டார்கள். மணிக்கட்டில் எங்கே விரல் வைப்பது என்று அவன் காட்டிக்கொடுத்தான். வகுப்புத் தலைவி கோகிலா, பன்னிரண்டு வயதுக்காரி, எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிட்டாள்.

“துடிக்குது சார்! தவளை மாதிரி துடிக்குது!”

“கோகிலா தன் நாடியை எண்ணட்டும். நான் வெளியே நிற்கிறேன்” என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டு நடைபாதையில் நின்றான். உள்ளே சலசலப்பும் சிரிப்பும் கேட்டன. ஒரு நிமிடத்தில் சாளரம் வழியாகக் குரல் வந்தது.

“எழுபத்தாறு, சார்!”

அவன் பதிவேட்டில் எழுபத்தாறு என்று எழுதினான். நூற்று ஆறு வேண்டும் என்று ஓரத்தில் எழுதி, அடித்தான். இனி அவன் உள்ளே போக வேண்டும். உள்ளே போவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவன் சட்டையின் மேற்பொத்தானைப் போட்டான். முதல்வரின் முகத்தை நினைத்துக்கொண்டு புருவத்தை நெரித்துப் பார்த்தான். கண்ணாடிச் சாளரத்தில் தெரிந்த முகம் அழப்போகிறவனுடைய முகமாக இருந்தது. தன் நாடியை அவன் தொட்டுப் பார்க்கவில்லை. எவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருந்தது.

சப்பாத்தை வேண்டுமென்றே அழுத்தி வைத்து நடந்தான். கதவைத் திறந்தான்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஆறாண்டுகளாக எப்படி எழுந்தார்களோ அப்படித்தான் எழுந்தார்கள். பின் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். கோகிலா மட்டும் மணிக்கட்டில் விரல் வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முள் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது.

“எவ்வளவு?” என்றான் கருணாகரன். அதட்டலாகக் கேட்க நினைத்திருந்தான். கெஞ்சலாக வந்தது.

கோகிலா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பதிவேடு நடுங்கிக்கொண்டிருந்த அவனுடைய கையைப் பார்த்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“எவ்வளவு வேணும், சார்?”